பருத்தி நின்றுபோயும் பிரிட்டன் ஏன் போரில் இறங்கவில்லை?

கேள்வி இது: 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பிரிட்டனின் பஞ்சாலைகள், அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் பருத்தியை நம்பித்தான் ஓடின. மேல்தட்டு மக்களும் பெரிய பத்திரிகைகளும் தெற்கின் பக்கம் சாய்ந்திருந்தார்கள். அப்படியிருந்தும் அரசு கடைசிவரை நடுநிலையில் நின்றது எப்படி? அரசும் மக்களும் அந்தப் போரை ஒரே மாதிரிதான் பார்த்தார்களா?

இல்லை. மக்கள் கேட்டது, ‘யார் பக்கம் நியாயம்?’ அரசு கேட்டது, ‘இன்றைக்கு நாம் ஒப்புக்கொள்ளும் விதி நாளைக்கு நம் கழுத்தையே பிடிக்குமா?’ இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் அந்த நான்கு ஆண்டுகளின் முடிவுகளில் பெரும்பாலானவை விளங்கிவிடும். ஒன்றாகக் கலந்தால் எதுவும் விளங்காது.

முதலில் சட்டம். 1861 ஏப்ரல் 12 அன்று, வடக்கின் வசமிருந்த சம்டர் கோட்டை மீது தெற்கு குண்டுவீசத் தொடங்கியது. ஏப்ரல் 19 அன்று தெற்கின் துறைமுகங்களுக்குக் கடல் முற்றுகை அறிவித்தார் லிங்கன். மே 13 அன்று விக்டோரியா அரசியின் நடுநிலைப் பிரகடனம் வந்தது. வடக்கு கொதித்துப்போனது. ‘எங்கள் நாட்டுக் கலகக்காரர்களுக்குப் போரிடும் தரப்பு என்ற தகுதியை நீங்கள் எப்படிக் கொடுக்கலாம்?’ என்பது அவர்கள் வாதம். ஆனால் அந்தத் தகுதிக்கு வழிவிட்டது லிங்கனின் அறிவிப்புதான். சொந்தத் துறைமுகத்தை ஓர் அரசு மூடலாம். முற்றுகையிட வேண்டுமானால் எதிரே ஒரு போர்த்தரப்பு இருந்தாக வேண்டும். முற்றுகை என்ற பெயரில் நடுக்கடலில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை நிறுத்திச் சோதிக்கும் உரிமை வடக்குக்கு வேண்டுமென்றால், அங்கே நடப்பது போர் என்பதை அது ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

போரிடும் தரப்பு என்ற தகுதியும் தனி நாடு என்ற அங்கீகாரமும் வேறுவேறு. முதலாவது கிடைத்தால் கடன் வாங்கலாம், சரக்கு வாங்கலாம், அதன் போர்க்கப்பல்கள் நடுநிலைத் துறைமுகத்துக்குள் வரலாம், அதன் மாலுமிகளைக் கடற்கொள்ளையர் என்று தூக்கிலிட முடியாது. இரண்டாவது கிடைத்தால்தான் தூதரகமும் ஒப்பந்தங்களும். தெற்குக்கு முதலாவது ஒரே மாதத்தில் கிடைத்தது. இரண்டாவது கடைசிவரை கிடைக்கவில்லை. தெற்கின் தூதராக லண்டனுக்கு வந்த ஜேம்ஸ் மேசனை வெளியுறவு அமைச்சர் ஜான் ரஸ்ஸல் ஒருமுறைகூட அதிகாரபூர்வமாக வரவேற்கவில்லை.

நடுநிலை என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் அது துறைமுக அதிகாரிகளின் அன்றாட வேலை. 1861 ஜூன் 1 அன்றே, பிடிபட்ட கப்பல்களை இரு தரப்பும் பிரிட்டிஷ் துறைமுகங்களுக்குள் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு வந்தது. பார்வைக்குச் சமமான விதி. அடி விழுந்தது தெற்குக்குத்தான், ஏனென்றால் முற்றுகையால் தன் துறைமுகத்துக்குக் கொண்டுபோக முடியாமல் தவித்தது அதுதான். பிறகு நாஷ்வில் என்ற தெற்குக் கப்பலும் டஸ்கரோரா என்ற வடக்குக் கப்பலும் சௌதாம்ப்டனில் ஒன்றையொன்று காத்துக்கிடந்து தலைவலி கொடுத்தன. 1862 ஜனவரி 31 அன்று விதிகள் இறுகின: போர்க்கப்பல் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது, எதிரிக் கப்பல் கிளம்பினால் அடுத்த 24 மணி நேரத்துக்கு மற்றது கிளம்பக் கூடாது, தன் நாட்டின் மிக அருகிலுள்ள துறைமுகத்தை அடையும் அளவுக்கே நிலக்கரி, ஒருமுறை நிரப்பினால் சிறப்பு அனுமதியின்றி 3 மாதத்துக்கு மறுபடி கிடையாது. நீராவிக் கப்பல் காலத்தில் நிலக்கரியை அளந்து கொடுப்பவர் கையில்தான் போரின் எல்லை இருந்தது.

அடுத்தது முற்றுகை. 1856 பாரிஸ் பிரகடனத்தின்படி, காகிதத்தில் மட்டும் இருக்கும் முற்றுகை செல்லாது; கரையை நெருங்கவிடாமல் தடுக்கும் பலம் உண்மையில் இருக்க வேண்டும். 1861இல் வடக்கின் கடற்படை அந்த நீண்ட கடற்கரையின் முன் மிகச் சிறியது. முற்றுகையில் ஓட்டைகள் ஏராளம். ‘இது செல்லாத முற்றுகை என்று அறிவியுங்கள்’ என்று தெற்கு கெஞ்சியது. 1862 பிப்ரவரியில் ரஸ்ஸல் இதற்கு நேர்மாறாக, முற்றுகை செல்லும் என்று ஏற்றுக்கொண்டார். வடக்கு மீது பாசமா? இல்லை. உலகிலேயே பெரிய கடற்படை பிரிட்டனுடையது. அடுத்த ஐரோப்பியப் போரில் முற்றுகை போடப்போவது தானேதான் என்று லண்டனுக்குத் தெரியும். ‘ஓட்டை இருந்தால் முற்றுகை செல்லாது’ என்ற விதியை இன்று எழுதிவைத்தால் நாளை தன் கடற்படையின் கை கட்டப்படும். வடக்கின் நீதிமன்றங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பெர்முடா போன்ற இடைத்துறைமுகத்துக்குப் போகும் பிரிட்டிஷ் சரக்கையும் ‘இறுதியில் தெற்குக்குத்தான் போகிறது’ என்று பறிமுதல் செய்தன. லண்டன் வணிகர்கள் கூச்சல் போட்டார்கள். அரசு பெரிதாக எதிர்க்கவில்லை. 1914க்குப் பிறகு ஜெர்மனிக்கு நடுநிலை நாடுகள் வழியாகப் போன சரக்கைத் தடுத்தபோது பிரிட்டன் இதே அமெரிக்கத் தீர்ப்புகளைத்தான் எடுத்து நீட்டியது, அதுவும் அமெரிக்காவிடமே.

இனி பருத்தி. போருக்கு முன் பிரிட்டன் இறக்குமதி செய்த பருத்தியில் முக்கால் பங்குக்கும் மேல் அமெரிக்கத் தெற்கிலிருந்து வந்தது. ‘பருத்தியே அரசன்’ என்று 1858இல் தென் கரோலினாவின் செனட்டர் ஜேம்ஸ் ஹாமண்ட் முழங்கினார். பருத்தியை நிறுத்தினால் பிரிட்டன் தானாக ஓடிவரும் என்பது தெற்கின் நம்பிக்கை. அதனால் 1861இல் வடக்கு தடுப்பதற்கு முன்பே தெற்கு தோட்டக்காரர்களும் வணிகர்களும் தாங்களாகவே ஏற்றுமதியை நிறுத்திவைத்தார்கள். இதைவிடப் பெரிய தப்புக்கணக்கு அந்தப் போரில் குறைவு. முற்றுகை பலவீனமாக இருந்த அந்த முதல் ஆண்டில்தான் பருத்தியை விற்றுத் துப்பாக்கி வாங்கியிருக்க வேண்டும். போதாக்குறைக்கு, லிவர்பூலுக்குப் பருத்திக் கப்பல் வராததைப் பார்த்தவர்கள், ‘முற்றுகை நன்றாகத்தான் வேலை செய்கிறது போலிருக்கிறது’ என்றார்கள். முற்றுகை செல்லாது என்ற தன் வாதத்தைத் தெற்கு தானே அடித்துக்கொண்டது.

நேரமும் கைகொடுக்கவில்லை. 1859, 1860 ஆண்டுகளில் பிரிட்டனின் பஞ்சாலைப் பகுதியான லங்காஷயரின் ஆலைகள் அளவுக்கு மீறி நெய்து தள்ளியிருந்தன. 1860இன் அமோக விளைச்சலால் கிடங்குகளில் பஞ்சும் நிறைந்திருந்தது. விலை ஏறியபோது கையில் சரக்கு வைத்திருந்த ஆலை முதலாளிக்கும் தரகருக்கும் கொள்ளை லாபம். ‘போரில் இறங்குங்கள்’ என்று கத்த வேண்டியவர்களில் ஒரு பகுதியினர் காத்திருப்பதே லாபம் என்று இருந்தார்கள். போருக்கு முன் ராத்தலுக்கு 6, 7 பென்ஸ் விற்ற ஆர்லியன்ஸ் நடுத்தரப் பருத்தி 1864 கோடையில் 30 பென்ஸை எட்டியது.

தொழிலாளிக்கு அந்த லாபத்தில் பங்கில்லை. 1862 டிசம்பரில் நிவாரணம் வாங்கி வாழ்ந்தவர்கள் 5 லட்சத்தை ஒட்டி இருந்தார்கள். அந்த ஆண்டு பிரிட்டனுக்கு வந்த பஞ்சில் பெரும்பங்கு இந்தியாவுடையது. அங்கே அதற்கு ‘சூரத்’ என்று பொதுப் பெயர். தூத்துக்குடி வழியாகக் கப்பலேறிய திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கும் அப்போது நல்ல விலை கிடைத்தது. ஆனால் லங்காஷயர் இயந்திரங்கள் நீள இழைக்கு அமைக்கப்பட்டவை. இந்தியப் பஞ்சு குட்டை இழை. விதைத் துணுக்கும் தூசியும் கலந்து வரும். நூற்கும்போது அடிக்கடி அறும். அறுந்த நூலை முடிச்சுப்போடத் தறியை நிறுத்த வேண்டும். கூலியோ நெய்த அளவுக்குத்தான். ஆக, வேலை கிடைத்தவனுக்கும் முழுநாள் உழைப்புக்கு அரைக்கூலி. ‘கடவுளே, பருத்தி கொடு, ஆனால் சூரத் வேண்டாம்’ என்று வேண்டிக்கொண்டதாகச் சொல்லும் கதை இங்கிருந்துதான் வருகிறது. 1863 மார்ச்சில் ஸ்டேலிபிரிட்ஜில் நிவாரணம் கொடுத்த முறையை எதிர்த்துக் கலவரமே வெடித்தது. அதே ஆண்டு பொதுப்பணிச் சட்டம் கொண்டுவந்து, கடன் கொடுத்து, சாலை, சாக்கடை, பூங்கா வேலைகளில் ஆட்களை அமர்த்தியது அரசு. முற்றுகையை உடைக்கப் போர்க்கப்பல் அனுப்புவதைவிட இது பல மடங்கு மலிவு. ‘பருத்தி நின்றால் பிரிட்டன் வந்தே தீரும்’ என்றவர்கள் கணக்கில் எடுக்காதது இந்த ஒப்பீட்டைத்தான். போரில் இறங்கினால் தன் ஆட்சியிலிருந்த கனடாவைக் காக்க வேண்டும், வடக்கோடு நடக்கும் வணிகம் போகும், அங்கிருந்து வரும் கோதுமையும் போகும். கோதுமை எவ்வளவு எடை வகித்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. போருக்கு ஆகும் மொத்தச் செலவில் அதுவும் ஒரு வரி என்று வைத்துக்கொள்வதே சரி.

இப்போது மக்கள். ‘மேல்தட்டு தெற்குக்கு, தொழிலாளி வடக்குக்கு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவ்வளவு சுத்தமாக இல்லை. 1833இலேயே அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழித்த நாடு பிரிட்டன்; அடிமை வைத்திருப்பவனை வெளிப்படையாக ஆதரிக்க அங்கே எவருக்கும் வாய் வராது. ஆனால் 1861 மார்ச்சில் லிங்கன் தன் பதவியேற்பு உரையில், அடிமைமுறை ஏற்கெனவே இருக்கும் மாநிலங்களில் தான் தலையிடப்போவதில்லை என்றார். அதற்கு இரண்டு நாள் முன்பு, பிரிட்டிஷ் சரக்கைக் குறிவைக்கும் மோரில் சுங்கவரி கையெழுத்தானது. லண்டனில் செய்தித்தாள் படிப்பவனுக்கு என்ன தோன்றும்? ‘வடக்கு அடிமைகளுக்காகச் சண்டை போடவில்லை, அதிகாரத்துக்காகப் போடுகிறது. பிரிந்துபோக நினைக்கும் தெற்கு, தடையில்லா வணிகத்தை விரும்புகிறது.’ நேர்மையான பலரும் முதல் ஒன்றரை ஆண்டுகள் இப்படித்தான் நினைத்தார்கள். அதை வெறும் பணக்காரத் திமிர் என்று தள்ளுவது தவறு.

பத்திரிகைகள் இதை ஊதின. ‘டைம்ஸ்’ வெளிப்படையாகவே வடக்கைக் குத்தியது. ‘டெய்லி நியூஸ்’, ‘ஸ்பெக்டேட்டர்’ போன்றவை வடக்கின் பக்கம். 1862 மே மாதம் தெற்கின் முகவர் ஹென்றி ஹாட்ஸ் லண்டனிலேயே ‘இண்டெக்ஸ்’ என்ற வார இதழைத் தொடங்கினார். பிரிட்டிஷ் எழுத்தாளர்களுக்குக் காசு கொடுத்து எழுதவைப்பது அவர் உத்தி. லிவர்பூல் முழுக்கப் பருத்தி வணிகர்களின் ஊர். தெற்குக் கைதிகளுக்காக அங்கே 1864 அக்டோபரில் நடந்த நிதி திரட்டும் சந்தையில் 20,000 பவுண்டுக்கு மேல் திரண்டது. பட்டினி கிடந்த லங்காஷயர் ஊர்களிலும் ‘தெற்கை அங்கீகரி’ என்று தீர்மானம் போட்ட கூட்டங்கள் உண்டு. 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் கூடிய கூட்டம் லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பியதும், ஜனவரி 19 அன்று அவர் அந்தத் தொழிலாளர்களின் தியாகத்தைப் போற்றிப் பதில் எழுதியதும் உண்மை. அதை லங்காஷயர் முழுவதன் ஒரே குரலாக்குவது மட்டும் பின்னாளில் வந்த மிகை.

ஆனால் அந்தக் கூட்டங்கள் வீண் இல்லை. 1862 செப்டம்பர் 22 அன்று அடிமை விடுதலையின் முன்னறிவிப்பு வெளியானது. முதலில் அதற்கும் ஏச்சுதான்: ‘அடிமைகளைத் தூண்டிவிட்டுப் படுகொலைக்கு வழி செய்கிறார்’ என்றது ‘டைம்ஸ்’. 1857 இந்தியக் கிளர்ச்சியின் நினைவு ஆறாத காலம், அந்தப் பேச்சு எடுபட்டது. படுகொலை நடக்கவில்லை, 1863 ஜனவரி 1 அன்று அறிவிப்பு நடைமுறைக்கு வந்தது. அதன்பிறகு வரிசையாகக் கூட்டங்கள்: ஜனவரி 29 லண்டன் எக்ஸிட்டர் ஹால், மார்ச் 26 செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் பிரைட் தலைமையில் தொழிற்சங்கத்தினர். இவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு கிடையாது. 1867 சீர்திருத்தத்துக்கு முன் வளர்ந்த ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கு இருந்தால் அதிகம். ஓட்டில்லாதவர்களால் அரசை ஒரு பக்கம் இழுக்க முடியவில்லை. தெற்கை அங்கீகரிக்கும் பேச்சை எடுத்தாலே தெரு கொந்தளிக்கும் என்ற பயத்தை மட்டும் அவர்களால் உண்டாக்க முடிந்தது. ஒரு நடுநிலை நாட்டில் பொதுமக்கள் கருத்துக்குப் பெரும்பாலும் இருக்கும் பலம் இதுதான். அரசு எதைச் செய்யும் என்பதைவிட எதைச் செய்யத் துணியாது என்பதை அது தீர்மானிக்கிறது.

பிரிட்டன் போருக்கு மிக அருகில் வந்த நாளில் பருத்தியும் இல்லை, அடிமைமுறையும் இல்லை, கொடி இருந்தது. 1861 நவம்பர் 8 அன்று வடக்கின் கப்பல் தலைவர் சார்லஸ் வில்க்ஸ், ‘ட்ரெண்ட்’ என்ற பிரிட்டிஷ் தபால் கப்பலை நிறுத்தி, லண்டனுக்கு வந்துகொண்டிருந்த மேசனையும் பிரான்சுக்கான தெற்கின் தூதர் ஸ்லைடலையும் பிடித்துப்போனார். கப்பலையே பிடித்துக் கடற்போர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருந்தால் வாதாட இடமிருந்திருக்கும். ஆட்களை மட்டும் இறக்கிக்கொண்டு கப்பலை விட்டதுதான் சட்டப்படி தவறு. செய்தி லண்டனுக்கு வந்தது நவம்பர் 27 அன்று. 1858இல் போட்ட கடலடித் தந்தி சில வாரங்களில் செயலிழந்துவிட்டதால் எல்லாம் கப்பலில்தான் வர வேண்டும். கனடாவுக்கு 11,000 வீரர்கள் கிளம்பினார்கள். வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பின் ஏற்றுமதி தடைபட்டது. இந்தியாவிலிருந்து வரும் அந்த உப்பு இல்லாமல் வடக்கின் பீரங்கிகள் அதிக நாள் பேச முடியாது. மரணப் படுக்கைக்குப் போகும் முன் அரசியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட், வாஷிங்டனுக்குப் போகவிருந்த கண்டனக் கடிதத்தின் வரைவைத் தணித்து, ‘கப்பல் தலைவர் தன் அரசின் ஆணையின்றிச் செய்திருப்பார் என நம்புகிறோம்’ என்ற வழியைத் திறந்துவைத்தார். வாஷிங்டன் டிசம்பர் 26 அன்று இருவரையும் விடுவிக்க முடிவெடுத்தது. தந்தி வேலை செய்திருந்தால் இரு பக்கமும் சூடு தணிய அந்த வாரங்கள் கிடைத்திருக்காது.

நாள்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் காலத்தைப் படிப்பவர்கள் ஒவ்வொரு லண்டன் கடிதத்தையும் அமெரிக்கச் செய்தியோடு இரண்டு வாரம் தள்ளிவைத்துப் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் காரணகாரியம் தலைகீழாகும். 1862 இலையுதிர்காலம் நல்ல உதாரணம். ஆகஸ்ட் கடைசியில் புல் ரன்னில் வடக்கு இரண்டாம் முறை தோற்ற செய்தி வந்ததும், செப்டம்பர் 14 அன்று பிரதமர் பால்மர்ஸ்டன் ரஸ்ஸலுக்கு எழுதினார்: வாஷிங்டனோ பால்டிமோரோ விழுந்தால், பிரிவினையை ஏற்று சமாதானம் செய்துகொள்ளுங்கள் என்று இங்கிலாந்தும் பிரான்சும் சொல்லலாமா? செப்டம்பர் 17 அன்று ரஸ்ஸல் ஒப்புக்கொண்டார். வடக்கு மறுத்தால் நாமே தெற்கை அங்கீகரிக்கலாம் என்றார். அதே 17 அன்றுதான் ஆன்டீட்டத்தில் தெற்கின் படையெடுப்பு தடுக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்ததும் பால்மர்ஸ்டன் பின்வாங்கினார்.

அப்போதுதான் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் அக்டோபர் 7 அன்று நியூகாசிலில், ‘தெற்கின் தலைவர்கள் ஒரு படையை உருவாக்கினார்கள், கடற்படையை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள், அவற்றைவிடப் பெரிதாக ஒரு தேசத்தை உருவாக்கிவிட்டார்கள்’ என்று பேசிவிட்டார். அமைச்சரவை எடுக்காத முடிவு அது. ஒரு வாரத்தில் போர் அமைச்சர் ஜார்ஜ் கார்ன்வால் லூயிஸ் ஹியர்ஃபர்டில் அதை மறுத்தார். பிறகு அமைச்சர்களுக்கு அவர் சுற்றுக்கு விட்ட குறிப்புகளை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அங்கே நியாயம், அநியாயம் பேசவில்லை, நடைமுறைக் கேள்விகள்தான். மத்தியஸ்தம் என்றால் எல்லைக்கோடு எங்கே? மேற்கிலுள்ள நிலப்பகுதிகள் யாருக்கு? அடிமைமுறை பற்றி நாம் என்ன சொல்லப்போகிறோம்? வடக்கு மறுத்துவிட்டால் அடுத்த நாள் நாம் என்ன செய்வோம்? ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. ‘போர் இன்னும் தெளிவான திருப்பம் எடுக்கும்வரை வெறும் பார்வையாளர்களாகவே இருக்க வேண்டும்’ என்று அக்டோபர் 22 அன்று எழுதினார் பால்மர்ஸ்டன். ஆறு மாதப் போர்நிறுத்தம் கேட்போம் என்ற பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் அழைப்பை நவம்பர் 12 அன்று அமைச்சரவை மறுத்தது. 1863 கோடையில் உறுப்பினர் ரோபக் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த அங்கீகாரத் தீர்மானமும் ஓட்டெடுப்புக்குப் போகாமல் திரும்பப் பெறப்பட்டது.

நடுநிலை மிக மோசமாகச் சறுக்கிய இடம் கப்பல் பட்டறை. 1819 வெளிநாட்டுப் படைசேர்ப்புச் சட்டம், நட்பு நாட்டுக்கு எதிராகக் கப்பலை ஆயத்தப்படுத்துவதையும் ஆயுதம் பூட்டுவதையும் தடுத்தது. வெறும் உடலைக் கட்டுவது பற்றி அது தெளிவாகச் சொல்லவில்லை. தெற்கின் முகவர் ஜேம்ஸ் புலோக் வழக்கறிஞரைக் கேட்டு இந்தச் சந்தில் நுழைந்தார். பெர்க்கன்ஹெட்டில் லேர்ட் பட்டறையில் ‘290’ என்ற எண்ணோடு ஒரு கப்பல் உருவானது. லிவர்பூலிலிருந்த வடக்கின் தூதரக அதிகாரி தாமஸ் டட்லி, வேலையாட்களிடமும் மாலுமிகளிடமும் சத்தியப்பிரமாண வாக்குமூலம் வாங்கிக் குவித்தார். ஆவணங்கள் கருத்துக்காக அரசு வழக்கறிஞர் ஜான் ஹார்டிங்கிடம் போயின. அவர் மனநிலை சரியில்லாமல் விழுந்துவிட்டது யாருக்கும் தெரியாமல், காகிதங்கள் பல நாள் அங்கேயே கிடந்தன. பிறகு அரசின் மற்ற இரண்டு சட்ட அதிகாரிகள் படித்து, ‘நிறுத்துங்கள்’ என்று 1862 ஜூலை 29 அன்று எழுதினார்கள். அன்று காலையே கப்பல், சோதனை ஓட்டம் என்ற பெயரில் ஆண்களும் பெண்களுமாக விருந்தினரை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தது. விருந்தினர் மாலையில் இழுவைப் படகில் திரும்பினார்கள், கப்பல் திரும்பவில்லை. பீரங்கியும் நிலக்கரியும் வேறொரு கப்பலில் வந்து அசோர்ஸ் தீவுகளருகே ஏறின. அதுதான் ‘அலபாமா’. 1864 ஜூன் 19 அன்று பிரான்சின் ஷெர்பூர் அருகே மூழ்கும்முன் 60க்கு மேற்பட்ட வடக்குக் கப்பல்களைப் பிடித்தது.

இந்த அடியிலிருந்து அரசு பாடம் கற்றது மெதுவாகத்தான். 1863 ஏப்ரலில் ‘அலெக்ஸாண்ட்ரா’ என்ற சிறு கப்பலைப் பிடித்தது; நடுவர்குழு உரிமையாளர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டம் உண்மையிலேயே ஓட்டை என்று ஆகிவிட்டது. அதே ஆண்டு லேர்ட் பட்டறையில் இரும்புக் கவசமும் மோதுமுனையும் கொண்ட இரண்டு கப்பல்கள் தயாராயின. மரக்கப்பல்களால் ஆன முற்றுகையைக் கிழிக்கக்கூடியவை. ‘இது போர் என்று உங்களுக்குச் சுட்டிக்காட்டத் தேவையில்லை’ என்று செப்டம்பர் 5 அன்று வடக்கின் தூதர் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் எழுதிய வரி புகழ்பெற்றது. ஆனால் கப்பல்களைத் தடுத்து வைக்க ரஸ்ஸல் இரண்டு நாள் முன்பே உத்தரவிட்டிருந்தார். வழக்கில் தோற்றுவிடலாம் என்பதால் கடைசியில் அரசே காசு கொடுத்து வாங்கித் தன் கடற்படையில் சேர்த்துக்கொண்டது.

1870இல் புதிய சட்டம் வந்தது. போரிடும் நாட்டுக்குப் பயன்படும் என்று தெரிந்து கப்பலைக் கட்டுவதே குற்றம். சந்தேகம் இருந்தாலே அமைச்சர் நிறுத்திவைக்கலாம். 1871 வாஷிங்டன் உடன்படிக்கையில் நடுநிலை அரசு ‘உரிய கவனம்’ காட்ட வேண்டும் என்பது விதியானது. 1872 செப்டம்பர் 14 அன்று ஜெனீவா நடுவர் மன்றம் அந்த விதியை வைத்து, பிரிட்டன் அமெரிக்காவுக்கு 1.55 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிரிட்டன் கட்டியது. முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அடுத்த போரில் தான் போரிடும் தரப்பாக இருக்கும்போது, ஏதோ ஒரு நடுநிலை நாட்டின் துறைமுகத்திலிருந்து இன்னொரு அலபாமா தன் வணிகக் கப்பல்கள் மீது பாயாமல் இருக்க, அந்த விதிக்கு அந்த விலை தரலாம் என்பது லண்டனுக்குத் தெரிந்திருந்தது.